ஒரு மணங்கு இரண்டு ராத்தல் காற்று

உ
முருகன் துணை

யானைக்கவுனி, சென்னை.
14-2-1949

தூத்துக்குடியில் உப்புக் காற்றும் உற்றார் உறவினரும் சூழச் சௌக்கியமாக வாழ்ந்துவரும் என் மைத்துனர் ராசையா அவர்கள் சமூகத்துக்கு, கருப்பட்டி மொத்த வியாபாரம் ஆறுமுகநயினார் எழுதிக்கொள்ளும் லிகிதம். இவ்விடம் நானும் உம் அக்காள் இசக்கியம்மாளும் நலம். அவளுக்கு முழங்காலில் வலி, எனக்கு இரண்டு நாளாகக் காதில் ஓர் இரைச்சல், மற்றபடி குறையொன்றுமில்லை. அவ்விடம் உம் வீட்டிலும் பிள்ளைகளும் நலமாயிருக்கச் செந்தூர் முருகன் துணை செய்வானாக.

நிற்க. உம்முடைய கடிதம் வந்து சேர்ந்தது. ‘மாப்பிள்ளைக்கு அங்கே தொழில் சரியில்லை என்று கேள்விப்பட்டேன். இங்கே படகு வேலை மலைபோல் கிடக்கிறது. சிவந்தியையும் அவள் புருஷனையும் அனுப்பி வையும், பின்கட்டு அறை சும்மாதான் இருக்கிறது’ என்று தீபாவளிக்கு எழுதியதையே இப்போதும் எழுதியிருந்தீர். தாய்மாமன் பாசம், தப்பில்லை. ஆனால் மச்சான், அந்தப் பின்கட்டு அறை சும்மாவே கிடக்கட்டும். வெங்காயம் போட்டு வையும். என் மகள் எங்கும் வருவதாக இல்லை. மாப்பிள்ளையின் ஒர்க்‌ஷாப் இங்கே ஜாம் ஜாமென்று நடக்கிறது. நடுவில் கொஞ்சம் தடங்கல் ஏற்பட்டது வாஸ்தவம். அதை யாரோ உம் காதில் பெரிதாக ஓதியிருக்கிறார்கள். யாரென்றும் எனக்குத் தெரியும், உம் அக்காள்தான். அவள் எழுதியது பாதி, எழுதாமல் விட்டது பாதி. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன், பொறுமையாகப் படியும்.

உமக்கே தெரியும், சிவந்தி எனக்கு ஒரே மகள். கல்யாணமாகித் திருவொற்றியூரில் குடியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘அப்பா’ என்று வாசலில் குரல் கேட்டுவிடும். வந்ததும் வராததுமாக என் காலைத்தான் பார்ப்பாள். ‘செருப்பு எங்க? இன்னிக்கும் வெறுங்காலோடதான் மார்க்கெட்டுக்குப் போனீங்களா?’ என்று ஒரு மூச்சுத் திட்டுவாள். அப்புறம் பேப்பரை விரித்து முதல் பக்கம் தொடங்கிச் சரக்கு நிலவரம் வரைக்கும் உரக்கப் படிப்பாள். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, கண்ணாடியும் இருக்கிறது. ஆனாலும் அவள் வாயால் கேட்டால்தான் அந்த வாரம் நிஜமாகவே நடந்தது என்று எனக்குத் தோன்றும். அவளும் தூத்துக்குடிக்குப் போய்விட்டால் இந்தக் கிழவன் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று நீர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டீர். போகட்டும்.

மாப்பிள்ளை உச்சிமாகாளி தங்கமான மனிதர். கையில் வேலை இருக்கிறது, வாயில்தான் பேச்சு இல்லை. கப்பல் பட்டறையில் ஃபிட்டராக மாதச் சம்பளத்துக்கு இருந்தவரை, ‘திருவொற்றியூரில் என் சரக்குக் கிட்டங்கி பாதி காலியாகக் கிடக்கிறது, சொந்தத் தொழில் ஆரம்பியுங்கள், நானிருக்கிறேன்’ என்று இழுத்துக்கொண்டு வந்தது நான். அவரும் நம்பி வந்தார். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் இரண்டு காற்றுச் சுத்தியல் எடுத்தார். பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, வாலில் ஒரு ரப்பர் குழாய். குழாய் வழியே காற்று போனால் தடதடவென்று அடித்து, பழுக்கக் காய்ந்த ரிவிட்டு ஆணியை இரும்புத் தகட்டோடு தகடாக அமுக்கிவிடும். காற்று போகாவிட்டால் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம், வேறொன்றுக்கும் ஆகாது. ஆகையால் காற்றைப் பிடித்து அமுக்கிக் கொடுக்கிற கம்ப்ரஸர் மிஷின் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கப்பல் கம்பெனியின் இஞ்சினீயர் வந்தார். அவர்களிடம் சரக்கு இறக்குகிற இரும்புப் படகுகள் உண்டு, அடித் தகடெல்லாம் இற்றுப்போனவை. ‘பிப்ரவரி மூன்றாம் தேதி வருவேன். இரண்டு சுத்தியலும் ஒரே நேரத்தில் நிற்காமல் அடித்தால் ஒரு வருஷத்து வேலை உங்களுக்கு’ என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் போனார். மாப்பிள்ளை சிவந்தியிடம், ‘இது கெடச்சா இங்கயே இருப்போம். கெடைக்கலன்னா தூத்துக்குடிக்குப் போயிருவோம்’ என்று சொல்லியிருக்கிறார். அவர் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சு அது. அவள் வந்து என்னிடம் அதை அப்படியே சொன்னாள்.

மாப்பிள்ளைக்குத் தகடு வெட்டவே நேரம் போதவில்லை. ‘மிஷினை நான் பார்த்து வாங்கி வருகிறேன்’ என்றேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில், ‘காற்று, நிமிஷத்துக்கு அறுபது கன அடி, நிற்காமல்’ என்று எழுதிக் கொடுத்தார். ‘மாமா, கடையில இத காட்டுங்க. வேற எதையும் பாக்காதீங்க’ என்றார். நான் அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினேன், அதோடு மறந்தேன். ஏன் மறக்க மாட்டேன்? நாற்பது வருஷமாகச் சரக்கு வாங்குகிறவன் நான். உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பத்தில் குத்தூசி போட்டு ஒரு துணுக்கு நாக்கில் வைத்தால் எந்தப் பனை விளையில் இறக்கிய பதனி என்று சொல்லிவிடுவேன். உலகத்தில் எந்தச் சரக்கை யார் நிமிஷக் கணக்கில் விற்கிறார்கள்? சரக்கு என்றால் எடை. அது காற்றானாலும் சரி.

யானைக்கவுனியிலேயே ரகுபதி என்று ஒருவர் பழைய மிஷின் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். முதலில் ஒரு சின்ன மிஷினைக் காட்டினார். பச்சை வர்ணம், பித்தளை மூடி, சீர்வரிசையில் வைக்கலாம் போல இருந்தது. ‘லாரி டயருக்குக் காத்தடிக்கிறவங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க சார்’ என்றார். ‘மாதிரி காட்டும்’ என்றேன். ‘என்ன மாதிரி சார்?’ என்றார். ‘காற்று மாதிரி. சாம்பிள் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை’ என்றேன். குழாயைத் திறந்துவிட்டார். உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ‘பழைய காற்றோ?’ என்று கேட்டேன். ‘ஐயோ சார், இப்பத்தான் புடிச்சது. நம்ம தெருவுலேர்ந்துதான்’ என்றார். ‘நம் தெருக் காற்று எனக்கு ஓசியிலேயே வருகிறதே. அமுக்கிக் கொடுத்தால் எடை எவ்வளவு நிற்கும்?’ என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘சார், என்ன வேலைக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கபடி நானே சொல்லிருவேனே’ என்றார். நான் வாயைத் திறப்பேனா? என்னத்துக்கு வாங்குகிறோம் என்று சொன்னால் விலை ஏறும் என்பது நம் தொழிலில் அரிச்சுவடி. ‘அது எதற்கு உமக்கு? சரக்கைக் காட்டும்’ என்று சொல்லிவிட்டேன்.

நம் கடை மேடைத் தராசை நாலு ஆள் வைத்துத் தூக்கிவரச் செய்தேன். காலிச் சாக்கை முதலில் நிறுத்து, அந்தக் கழிவைக் கழித்துத்தானே நாம் சரக்குக்கு எடை போடுவது? அதே வழக்கப்படி காற்றையெல்லாம் திறந்துவிட்டுக் காலி மிஷினை ஒரு தரம் நிறுத்தேன். பிறகு கடிகாரம் மாதிரி இருக்கிற அதன் முள் நூறைத் தொடும் மட்டும் நிரப்பி இன்னொரு தரம் நிறுத்தேன். நீர் சிரிப்பீர் என்று தெரியும். ரகுபதியும் சிரித்தார். தராசைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மூன்று ராத்தல் கூடியிருந்தது மச்சான்! காற்றுக்கு எடை உண்டு என்று இந்த யானைக்கவுனியில் முதல் முதல் கண்டுபிடித்தது உம் அத்தான்தான். ஆனாலும் மூன்று ராத்தல் ஒரு சரக்கா? ‘அது என்ன?’ என்று மூலையைக் காட்டினேன். அங்கே ஒரு தொட்டி படுத்திருந்தது. நானும் உம் அக்காளும் அதற்குள்ளே குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு பெரிசு. அதன் முதுகில் ஒரு பூனைக்குட்டி அளவுக்கு மோட்டார். அதை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுக் காப்பியும் குடித்துத் திரும்பி வந்தேன், இன்னும் நிரம்பவில்லை. ‘ரொம்ப நேரமாகுதே சார்’ என்று ரகுபதியே தயங்கினார். ‘பெரிய சாக்கு என்றால் நேரமாகத்தான் செய்யும், இதுதான் நேர்மையான சரக்கு’ என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். நிரம்பியதும் நிறுத்தோம். கழிவு போக, ஒரு மணங்கும் இரண்டு ராத்தலும்! தெருவே கூடிவிட்டது. ‘இருபத்தேழு ராத்தல் காத்தா!’ என்று எதிர்ச் சாரி பருப்பு மண்டிக்காரர் தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கொசுறாக இன்னும் ஒரு கால் மணி ஓடவிடச் சொன்னேன். ரகுபதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, ‘வெடிச்சுரும் சார்’ என்றார். சரி, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் எட்டு நாளைக்குள் திருப்பிவிடலாம் என்ற வாக்கில் சரக்கு நம்முடையதாயிற்று.

சரக்கைக் கட்டை வண்டியில் ஏற்றும்போது ரகுபதி காற்றைத் திறந்துவிடப் போனார். ‘நிறுத்து எடுத்த சரக்கைக் கீழே கொட்டுவீரா? நிறைந்தபடியே ஏற்றும்’ என்றேன். ராயபுரத்தில் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி ஒரு குதி குதித்தது. தொட்டியின் வாய்க் குழாயில் ஒரு மூட்டு இளகி, ஊய்ய்ய் என்று ஒரு சத்தம் கிளம்பியது பாரும், மாடு இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு மீன்கடைகளுக்கு நடுவே பாய்ந்தன. அங்கே பவுனம்மாள் என்று ஓர் அம்மாள் நெத்திலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி அவளுக்கு நேரே நின்றது. காற்று கூடைக்குள் புகுந்தது. நெத்திலி மீன் வானத்தில் பறந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

‘யோவ் பெர்சு! இன்னாத்தய்யா ஏத்திகினு வந்துகீற? கூட மீனு பூரா ரோட்ல கீது பாரு!’ என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். ‘காத்தும்மா, வெறும் காத்து’ என்றேன். ‘காத்தா? அத்தாம் பெரிய கடலு சும்மா அட்ச்சிகினு கீது, இந்தாளு காத்த வண்டில ஏத்திகினு போறாரு! பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ!’ என்றாள். தெரு முழுக்கச் சிரிக்கிறது. எனக்கு நெத்திலி போனதோ மானம் போனதோ உறைக்கவே இல்லை மச்சான், எடை குறைகிறதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. துண்டை வைத்து அமுக்கினேன், துண்டு போயிற்று. வண்டிக்காரன் வைக்கோலைத் திணித்தான், வைக்கோல் பவுனம்மாளின் தலையில் போய் உட்கார்ந்தது. கால் மணி நேரத்தில் ஒரு மணங்கு சரக்கும் ராயபுரம் தெருவில் சிந்திப்போயிற்று. அரைச் சிப்பம் கருப்பட்டி கொடுத்து அந்த அம்மாளைச் சமாதானம் பண்ணிவிட்டுத் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தேன்.

மூட்டு இளகியதை மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் அரைத்துப் பூசிக் கட்டிய கோட்டைகளெல்லாம் அப்படியே நிற்கின்றனவா இல்லையா? ஒரு விரற்கடைக் குழாய் நிற்காதா? கிட்டங்கியில் கருப்பட்டிக்கா பஞ்சம். சுண்ணாம்பைக் குறைத்துக் கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டுப் பிசைந்து, மூட்டுக்கு உள்ளும் புறமும் அப்பிச் சாக்குக் கயிற்றால் கட்டிவிட்டேன்.

மூன்றாம் தேதி இஞ்சினீயர் தொப்பி சகிதம் வந்தார். முள் நூறைக் காட்டியது. மாப்பிள்ளை ஒரு சுத்தியலும் அவர் கூட்டாளி சிலுவைமுத்து ஒரு சுத்தியலுமாக எடுத்தார்கள். அடித்தார்கள் பாரும், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ரிவிட்டுகளை நான் வாய்விட்டு எண்ணினேன். இருபதாவதில் சுத்தியல் இருமியது. இருபத்திரண்டாவதில் மூச்சை விட்டது. முள் அடிமட்டத்தில் கிடந்தது. ‘என்ன ஆயிற்று?’ என்றார் இஞ்சினீயர். ‘காற்று தீர்ந்துவிட்டது ஐயா, ஒரு மணி நேரம் பொறுங்கள், இதோ நிரம்பிவிடும், பெரிய சாக்கு’ என்றேன். மாப்பிள்ளை அந்த மோட்டாரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இடுப்புக் காகிதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மறுபடி நிரப்பிச் சுத்தியலை எடுத்தால் இந்தத் தரம் அசையவே இல்லை. கழற்றினார்கள். சூடான காற்று என் கருப்பட்டியை இளக்கி, குழாய் வழியே கொண்டுபோய், சுத்தியலுக்குள்ளே பாகு காய்ச்சி வைத்திருந்தது. இஞ்சினீயர் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்து, ‘இது என்ன ஆயில்?’ என்று கேட்டார். பழக்க தோஷம் மச்சான், ‘உடன்குடிச் சரக்கு ஐயா, முதல் தரம்’ என்று சொல்லிவிட்டேன்.

அவர் நல்லவர். ‘பன்னிரண்டாம் தேதி இன்னொரு முறை வருகிறேன், அதுதான் கடைசி’ என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மறுநாள் சுத்தியலுக்குள் எறும்பு புற்று வைத்திருந்தது, அதை உட்கார்ந்து ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார். சிவந்தி டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள் என்று உம் அக்காள் வந்து சொன்னாள். ‘காத்த எடை போட்டு வாங்கி மகள நாடு கடத்துன ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தருதான்’ என்று அவள் பங்குக்கு ஒன்று வைத்தாள். ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிவந்தி வரவில்லை. பேப்பரை நானே எடுத்து விரித்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அழுதேன் என்று உம் அக்காள் எழுதியிருந்தால் நம்பாதேயும், கண்ணில் தூசி. வேண்டுமானால் கொஞ்சம் அழுதேன் என்று வைத்துக்கொள்ளும்.

தொட்டியை ரகுபதியிடம் திருப்பினேன். இந்தத் தரம் வெட்கத்தை விட்டுக் காகிதத்தைக் காட்டினேன். ‘இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமே சார்’ என்று தலையில் அடித்துக்கொண்டு, ‘எண்ணூர்ல கருணாகரன்னு ஒருத்தர் கிட்ட பட்டாளத்து மிஷின் ரெண்டு கிடக்கு, போய்ப் பாருங்க’ என்று அவரே வழி சொன்னார். கருணாகரன் கடலுக்குப் போகிற குடும்பம். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஓட்டை உடைசலை வாங்கிக் கரையில் குவித்து வைத்திருக்கிறார். இரண்டு மிஷினும் ஒரே சாதி. ஒன்றுக்கு நாலு சக்கரம், இன்னொன்று சக்கரமில்லாமல் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. ஒன்றின் மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்றின் அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இஞ்சின் பெரிசு, தொட்டியோ என் வீட்டு அண்டா அளவுதான். ‘தொட்டி சின்னதாக இருக்கிறதே, எடை நிற்காதே’ என்றேன்.

‘எடையா? இத்த எதுல நைனா ஏத்துவே?’ என்று சிரித்தார் கருணாகரன். ‘நா ஒண்ணு சொல்றேன் கேளு நைனா. உன் கடையில சரக்கு எப்டி ஓடுது? குடோன் பெர்சா கீதுன்னா? தெனம் வண்டில வந்துகினு கீறதாலயா?’

‘வரத்து இருந்தால்தான் கடை. வரத்து நின்றால் எவ்வளவு பெரிய கிட்டங்கியும் எட்டு நாளில் காலி’ என்றேன்.

‘அத்தான் நைனா இதுவும். உன் பழைய மிஷினு குடோனு. இது வரத்து. நிமிஷத்துக்கு நூறு கன அடி ஊதிகினே இருக்கும், நிறுத்துன்னு நீ சொல்ற வரைக்கும்.’

மச்சான், அந்த இடத்தில் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. காகிதத்தில் மாப்பிள்ளை எழுதியிருந்த நிமிஷக் கணக்கு வரத்துக் கணக்கு! இதை வியாபாரப் பாஷையில் எழுதியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். உடனே ஆளனுப்பி மாப்பிள்ளையையும் சுத்தியல்களையும் வரவழைத்தேன். வந்தார். என் பக்கத்தில் ஒரு கஜ தூரத்தில் நின்றுகொண்டு கருணாகரனிடம், ‘மிஷின ஓடவிடச் சொல்லுங்கன்னு மாமா கிட்ட சொல்லுங்க’ என்றார். கருணாகரன் என் பக்கம் திரும்பி, ‘ஓடவுட சொல்றாரு நைனா’ என்றார். ‘தாராளமா ஓடவிடச் சொல்லுங்க’ என்றேன் நான். இஞ்சினைக் கிளப்பினார்கள். எழுந்த சத்தம் மீஞ்சூர் வரைக்கும் கேட்டிருக்கும். கோழி முட்டையை விட்டுவிட்டு ஓடிற்று. என் காது அன்றைக்கே பாதி போயிற்று. இரண்டு சுத்தியலும் ஒரு பழைய நங்கூரத்தின் மேல் அரை மணி நேரம் அடித்தன, முள் இருந்த இடத்தில் இருந்தது.

இதில் எதை எடுப்பது என்ற பேச்சு வந்தது. மாப்பிள்ளை கருணாகரன் வழியாகச் சக்கரமில்லாததைக் கேட்டார். ‘அதிர்வு கொறவு, ஆயுசு கூடன்னு சொல்லுங்க’ என்றார். நான் விடவில்லை. நாளைக்கே நிலவரம் சரிந்தால் தள்ளிக்கொண்டு போய் இன்னோர் ஊரில் விற்கலாமே, நகராத சரக்கை எந்த வியாபாரி எடுப்பான்? அந்தச் சத்தத்தில் விலையை வாயால் பேச முடியாது. மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டைப் போட்டு அதற்குள் கருணாகரன் விரலைப் பிடித்துப் பேரம் முடித்துச் சக்கரம் வைத்ததையே எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை நீளமாக ஒரு மூச்சு விட்டார். அதில் எத்தனை கன அடி இருக்கும் என்று தெரியவில்லை.

முந்தாநாள் பன்னிரண்டாம் தேதி இஞ்சினீயர் வந்தார். இரண்டு சுத்தியலும் காலை முழுதும் அடித்தன, நிற்கவே இல்லை. படகின் அடித் தகட்டில் ஒரு வரிசை ரிவிட்டு முத்துக் கோத்த மாதிரி உட்கார்ந்தது. இஞ்சினீயர் மிஷினைச் சுற்றி வந்தார். ‘இதற்குச் சக்கரம் இருக்கிறதே’ என்றார். மாப்பிள்ளை வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். ‘நான்தான் ஐயா பார்த்து எடுத்தேன். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எங்கே சொன்னாலும் மறுநாளே அங்கே நிற்கும்’ என்றேன். அவர் சிரித்து, பையிலிருந்த நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, ‘வேலை உங்களுக்குத்தான், உத்தரவு ஆபீசிலிருந்து வரும்’ என்று மாப்பிள்ளை கையைக் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார். அதன்பின் மாப்பிள்ளை நேராக என்னைப் பார்த்து, ‘காப்பி சாப்பிடுறீங்களா மாமா?’ என்று கேட்டார். பத்து நாளைக்கப்புறம் வந்த வார்த்தை அது. நேற்று ஞாயிற்றுக்கிழமை சிவந்தி வந்தாள், பேப்பர் படித்தாள். காது அடைத்திருந்ததால் பாதிதான் கேட்டது, அதுவே போதும்.

ஆகவே மைத்துனரே, ஒரு வருஷத்துக்கு இங்கே வேலை நிச்சயம். மகளும் மாப்பிள்ளையும் திருவொற்றியூரை விட்டு அசைவதற்கில்லை என்பதை இதன் மூலம் கண்டிப்பாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இனிமேல் பின்கட்டு அறை என்ற பேச்சை எடுக்க வேண்டாம். உம் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆயுசும் படிப்பும் பெருக ஆசீர்வாதம், உம்மோடு இருக்கும் தங்கபுஷ்பம் சித்தியின் இருமலுக்குச் சுக்குப் போட்ட புட்டுக் கருப்பட்டி ஒரு சிப்பம் தனியே அனுப்புகிறேன். மழை, உப்பு நிலவரம் பற்றி எழுதவும்.

இங்ஙனம் உம் நலத்தில் குறைவில்லாத நாட்டமுள்ள,
ஆறுமுகநயினார்.

பின்குறிப்பு (16-2-49): கடிதத்தை ஒட்டிப் போடுவதற்குள் கம்பெனி உத்தரவு வந்துவிட்டது. சிவந்திதான் படித்துக் காட்டினாள். சென்னையில் இருக்கிற படகுகளைவிடத் தூத்துக்குடியில் இருக்கிற படகுகள்தான் ரொம்ப இற்றுப்போயிருக்கின்றனவாம். அங்கே கப்பல் கரைக்கு வராமல் படகிலேயே சரக்கு இறங்குவதால் வேலை அவசரமாம். ‘உங்களிடம் சக்கரம் வைத்த கம்ப்ரஸர் இருப்பதால்’ ஒரு வருஷத்துக்கு அதையும் ஆட்களையும் அங்கே அனுப்பும்படி உத்தரவாம். சக்கரமில்லாத மிஷினாக இருந்திருந்தால் இங்கேயே வைத்துக்கொண்டிருப்பார்களாம். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். இரண்டு தரமும் அப்படியேதான் இருந்தது.

நேற்று மதியம் மாப்பிள்ளை சாப்பிடப் போன நேரத்தில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தில் மூன்று நட்டைக் கழற்றிவிட்டேன். நிமிர்ந்தால் சிவந்தி நிற்கிறாள். ‘அப்பா, ரயில் வாகன்லதான ஏத்தப் போறோம். சக்கரம் இல்லன்னாலும் போகும்’ என்றாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தாள், நானே திரும்ப மாட்டினேன்.

ஆகையால் மேலே எழுதியது எல்லாவற்றையும் நீர் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும். வெங்காயத்தை எடுத்துவிட்டுப் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து வையும். இருபத்தொன்றாம் தேதி வந்து சேருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிப்பாள், வேலை இருந்தாலும் உட்கார்ந்து கேளும். செருப்பில்லாமல் நடந்தால் திட்டுவாள், வாங்கிக்கொள்ளும்.

இன்று காலையில் அவளை நம் மேடைத் தராசில் ஏற்றி நிறுத்தேன். சிரித்துக்கொண்டுதான் ஏறினாள், இறங்கும்போது சிரிக்கவில்லை. புடவை, வளையல் கழிவு போக நாலு மணங்கு இரண்டு ராத்தல். இதை உம் நோட்டில் குறித்துக்கொள்ளும். மாதா மாதம் நிறுத்து எனக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒரு ராத்தல் குறைந்தாலும் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறு வண்டியில் நான் அங்கே நிற்பேன். செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அவளிடம் சொல்லும்.